௸யார் மனைவி

சோமசேகரனைப் பெரிய மூளைக்காரன் என்று காரைக்காலில் சொன்ன ஒரே ஆள் சோமசேகரன்தான். பி.காமை மூன்று தடவை எழுதிவிட்டு, மாமன் சிபாரிசில் எங்கள் தாலுகா ஆபீசுக்குள் நுழைந்தவன். எண்பத்தேழில் கம்ப்யூட்டர் வந்தபோது புதுச்சேரியில் மூன்று வாரம் பயிற்சிக்குப் போய்வந்தான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். கம்ப்யூட்டர் வைத்த அறைக்கு வெளியே எங்களைச் செருப்பைக் கழற்றவைத்தான்.

காரைக்கால்மேட்டுக் குடிசைகளுக்கு மனைப்பட்டா கொடுக்கும் பட்டியலை அவன்தான் மெஷினில் ஏற்றினான். பழைய கைப்பதிவேட்டில் ஒரு வரி, 'மாரிக்கண்ணு, காலமானார்.' அதற்கடுத்த வரி, 'செல்லம், ௸யார் மனைவி.' ௸ என்றால் மேற்படி. மேலே எழுதிய பெயரையே திரும்ப எழுதாமலிருக்க அந்தக் காலத்து எழுத்தர்கள் போட்ட சுழி. மெஷினிலோ எழுத்துக்கு ஓர் எண் வைத்திருந்தார்கள். இந்தச் சுழிக்கு எண் இல்லை. இல்லாவிட்டால் 'மேற்படி' என்று விரித்து அடித்துத் தொலைய வேண்டியதுதானே? நகல் எழுதுகிற நான் அதைச் சொல்லியும் பார்த்தேன்.

"நம்பர் இல்லாதது எழுத்தே இல்ல சார்" என்றான். சுழியை விட்டுவிட்டு மிச்சத்தை அடித்தான்.

நோட்டீஸ் போர்டில் ஊரே பார்க்கத் தொங்கியது: 'செல்லம், யார் மனைவி.'

சந்தி சிரித்துவிட்டது. மீன் ஏலம் போடுகிற இடத்தில் அந்தம்மாவைப் பார்த்து, நீ யார் மனைவி என்று கேட்காத வெட்டிப்பயல் இல்லை. புருஷன் பெயர் இல்லாததால் பட்டாவும் நின்றுபோனது. செல்லம் ஆபீசுக்கு வந்தார்.

கட்டியவர் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வாழ்ந்த மனுஷி. அவர் செத்த பிறகும் சொன்னதில்லை. பதிவேட்டைக் காட்டி, மேல் வரியில் இருக்கிறவர்தான் என்றார். பதிவேடு சோமசேகரன் கண்ணெதிரே விரிந்துதான் கிடந்தது. ஆனாலும் வாயால் சொன்னால்தான் ஏற்றுவேன் என்றான், வீணாய்ப்போனவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்லம் பதிவேட்டிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்.

"மாரிக்கண்ணு. நான் மாரிக்கண்ணு பொண்டாட்டி. இந்தப் பேருக்காவது ஒங்க மெஷின்ல எழுத்து இருக்குங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. சோமசேகரன் ஒற்றை விரலால் 'மா'வைத் தேடிக்கொண்டிருந்தான்.