வாய்க்கால் ஓரத்து நீலப்பூ

இன்று காலை தம்பலகாமத்தில் பஸ்ஸுக்கு நின்ற நேரம், வாய்க்கால் ஈரத்தில் பூத்திருந்த குட்டி நீலப்பூ ஒன்றை என் இரண்டு வயது மகள் பிடுங்கி விழுங்கிவிட்டாள்.

பதறிப்போய்ச் செடியைப் படமெடுத்து எங்கள் அம்மாமார் குழுவில் போட்டேன். "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று ஒன்பது பேர்.

கிண்ணியாவுக்குப் போக நின்ற அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இது கானாவாழைதானே புள்ள. நாங்க சுண்டித் தின்னுற கீரை."

சொல்லிக்கொண்டே ஒரு பூவைப் பிடுங்கித் தன் வாயில் போட்டார்.

பஸ்ஸில் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். மகளை ஒருதரம் பார்த்தால் அவரை இரண்டுதரம் பார்த்தேன்.

சந்தி வந்ததும் அவர் எழும்பினார்.

"எனக்கு ஒண்டும் ஆகல்ல புள்ள. நான் இறங்கட்டா?"

ஓம் என்றேன்.

மகள் இப்போது நல்ல நித்திரை. அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் இருந்தால், சுகமாக இருக்கிறாவோ என்று ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ.