ஃபினைல் அலனினும் ஒரு தட்டு கிச்சுரியும்

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில் அந்த நோய்க்கு ஆறு வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். கல்லீரலில் ஒரு நொதி இல்லாமல் போவதால் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் டைரோசினாக மாறாமல் இரத்தத்தில் தேங்கும். மூளை வளர்ச்சி குன்றும். முடியும் தோலும் வெளிறும். போர்ட் பிளேரில் ஓர் அரசுப் பள்ளியில் நான் அந்த ஆறு வரிகளை ஒன்பது வருடம் நடத்தியிருக்கிறேன். ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

என் மகளுக்கு எட்டு மாதம் ஆகியும் உட்கார வரவில்லை. பிறந்தபோது கருகருவென்று இருந்த முடி சோளக் குஞ்சத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. அவள் துணிகளில் எலிப் பொந்தின் வாடை அடித்தது. வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊரில் எந்தத் துணிதான் நாறாது என்று நினைத்து, இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்தேன். முடிக்கு விளக்கெண்ணெய் தேய்த்தேன்.

கடைசியில் விமானத்தில் சென்னைக்குக் கொண்டு போனோம். இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். நடுவில், "நீங்க டீச்சர்னு சொன்னீங்களே, என்ன சப்ஜெக்ட்?" என்று கேட்டார்.

"பயாலஜி."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். அதற்குமேல் எனக்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. என் கணவர் பக்கம் திரும்பி அவருக்குத்தான் சொன்னார். என் கணவர் மின்சாரத் துறையில் லைன்மேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இத்தனை நாள் நாங்க குடுத்த பால், முட்டை, பருப்பு?" என்றார். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

நாம் சாப்பிடும் மீனும் பருப்பும் குடலுக்குப் போனதும் அமினோ அமிலங்களாக உடைந்துவிடுகின்றன. செல்கள் அவற்றை எடுத்துத் தங்களுக்கு வேண்டிய வரிசையில் மறுபடி கோத்துக்கொள்கின்றன. தசை, முடி, நொதி எல்லாம் அப்படிக் கோத்ததுதான். மிஞ்சுவதை வேறொன்றாக மாற்றுவதற்கு நொதிகள் இருக்கின்றன. நொதியும் ஒரு புரதம்தான். அதன் நீண்ட சங்கிலியில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போனால் போதும், அது சரியாக மடங்காது. மடங்காத புரதத்தைச் செல்லே உடைத்துப் போட்டுவிடும். என் மகளிடம் அந்த நொதிக்கான மரபணுக் குறிப்பு இரண்டு பிரதியிலும் பிழையாக இருந்தது. ஒரு பிழை என்னுடையது, மற்றது என் கணவருடையது. எங்கள் இருவருக்கும் நல்ல பிரதி ஒன்று இருந்ததால் எங்களை அது ஒன்றும் செய்யவில்லை.

உணவுதான் மருந்து என்றார்கள். முட்டை, மீன், பால், பருப்பு, கடலை எதுவும் ஆகாது. சோற்றைக்கூட எடை போட்டுத்தான் தர வேண்டும். அதே சமயம் ஃபினைல் அலனினை அறவே நிறுத்தவும் முடியாது. அது இல்லாமல் எந்த உடலும் வளராது. ஆகவே கிராம் கணக்கில் கொஞ்சம் சோறு. மற்ற அமினோ அமிலங்களுக்கு, ஃபினைல் அலனின் மட்டும் நீக்கிய ஒரு பவுடர். தினம் மூன்று வேளை கரைத்துக் குடிக்க வேண்டும். அந்தப் பவுடர் அந்தமானில் எந்தக் கடையிலும் கிடைக்காது. மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும்.

டாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் எங்கள் வாழ்க்கை ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசைச் சுற்றிச் சுருங்கியது. என் வேலை தீவு நிர்வாகத்தின் வேலை. மெயின்லேண்டுக்கு மாற்றல் என்ற பேச்சே அதில் கிடையாது. அவருக்கும் அப்படித்தான். ஒருவர் வேலையை விட்டால் பவுடர் வாங்க முடியாது. எங்கள் குடியிருப்பில் எந்தக் குழந்தையும் எந்த வீட்டிலும் சாப்பிடும். தெலுங்கு வீட்டில் பூரி, மலையாளி வீட்டில் ஆப்பம், பக்கத்து வங்காளி வீட்டில் மீன். என் மகள் மட்டும் எங்கும் போகக் கூடாது. நான் கதவை உள்பக்கம் தாழிட்டு வைக்கத் தொடங்கினேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்ற பிள்ளைகள் தின்பதைப் பார்த்தபடி நிற்பாள். ஜங்லிகாட் பக்கம் மீன் வாங்கப் போவதை நாங்களும் நிறுத்திவிட்டோம். அவள் முன்னால் எதையும் சமைக்க மனம் வரவில்லை.

அவளுக்கு ஆறு வயதானபோது அந்தப் புயல் வாரம் வந்தது.

பவுடர் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது என்று செய்தி வந்த மறுநாள், வங்கக் கடலில் காற்றழுத்தம் என்றார்கள். கப்பல்களை நிறுத்தினார்கள். விமானங்கள் ஒவ்வொன்றாக ரத்தாயின. வீட்டில் ஒரு டப்பா பவுடர், அதுவும் பாதிக்குக் கீழே. மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்ததால் என் கணவரை இரவு பகல் பாராமல் வேலைக்கு அழைத்துவிட்டார்கள். போகும்போது, "நாலு நாள் தாங்குமா?" என்று கேட்டார்.

"தாங்க வச்சுக்கறேன்" என்றேன்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். பவுடரைப் பாதி அளவாகக் குறைத்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உள்ளே போவது குறைந்தால் தேங்குவதும் குறையும் என்று நினைத்து, சோற்றையும் குறைத்தேன். மூன்று நாள் அவளுக்குக் கஞ்சித் தண்ணீரும் வாழைப்பழமும்தான். அவள் சிடுசிடுத்தாள், அழுதாள், தட்டைத் தூக்கி எறிந்தாள். ஒரு தடவை அவள் கையில் அடித்தேன். அடித்த கை எனக்கு வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான்காம் நாள் மத்தியானம், குழாயில் தண்ணீர் நின்றுபோனதால் வாளியை எடுத்துக்கொண்டு பின்புறத் தொட்டிக்குப் போனேன். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது வீட்டில் அவள் இல்லை. மழையில் மூன்று வீடுகள் தேடினேன். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணின் சமையலறையில், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டு கிச்சுரி. மழை பெய்தால் அந்த வீட்டில் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைப்பார்கள். மேலே ஒரு ஆம்லெட், அதுவும் பாதி காணவில்லை. அவள் வாய் முழுக்க மஞ்சளாக இருந்தது. அப்படி ஒரு நிம்மதியை அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தீதி, க்யா கியா ஆப்னே?" என்றேன். என்ன காரியம் செய்துவிட்டீர்கள் என்று இந்தியில் கேட்டேன்.

அந்தப் பெண் பயந்து எழுந்தாள். "பச்சி கோ பூக் லகா தா, டீச்சர். கதவைத் தட்டிச்சு. பசிக்குதுன்னு சொல்லிச்சு. நான் என்ன செய்ய?" அவளுக்குத் தமிழ் ஓரளவு வரும், அக்கம்பக்கத்தில் கேட்டுப் பழகியது. என் மகளுக்கு ஏதோ அலர்ஜி என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்குக் கூச்சம்.

தட்டை இழுத்தேன். என் மகள் விடவில்லை. இருவர் கைக்கும் நடுவில் கிச்சுரி தரையில் கொட்டியது. அவள் குனிந்து தரையிலிருந்து எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவள் உணவை வகுத்துத் தரும் சென்னை ஆஸ்பத்திரி ஊட்டச்சத்து நிபுணரைக் கூப்பிடப் போனை எடுத்தால் நெட்வொர்க் இல்லை. டவர் விழுந்து இரண்டு நாளாயிற்று. வீட்டுக்குள் நடந்தேன். வாசல் வரை போய்த் திரும்பினேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மழையில் தூக்கிக்கொண்டு எங்கே போவது, விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தெரியவில்லை. சுற்றிலும் கடல், உள்ளே இந்த இரண்டு அறை. அந்த வீடு அவ்வளவு சின்னதாக எனக்கு என்றும் இருந்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "நான் பார்த்துக்கறேன், டீச்சர். நீங்க போங்க. ஒண்ணும் குடுக்க மாட்டேன். சச்சி, நிஜமா."

வேறு வழி இல்லாததால்தான் அவளை நம்பினேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, என் கணவர் வேலை செய்யும் சப் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே லேண்ட்லைன் வேலை செய்தது. அவர் நனைந்த சட்டையோடு எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார். மறுமுனையில் ஊட்டச்சத்து நிபுணர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், மூணு நாளா அவ எவ்வளவு சாப்பிட்டா?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அதுதான் பிரச்சனை. கிச்சுரி ஒரு நாள் சமாச்சாரம். பட்டினி போட்டா உடம்பு தன்னோட தசையையே உடைச்சு எரிக்கும். தசையிலயும் ஃபினைல் அலனின் இருக்கு இல்லையா? அதெல்லாம் வெளிய வந்து இரத்தத்துலதான் கொட்டும். காய்ச்சல்ல இன்னும் அதிகமா உடையும்."

இது எனக்குத் தெரியும். பட்டினியில் தசைப் புரதம் சிதைகிறது என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறேன்.

"ரெண்டு நாளைக்குச் சோறு வேண்டாம். ஆனா வயிறு காயவே கூடாது. சர்க்கரைத் தண்ணி, ஜவ்வரிசி, ஆரோரூட், தேங்காய் எண்ணெய். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுங்க. இருக்கிற பவுடரைச் சின்னச் சின்னதாப் பிரிச்சுக் குடுங்க. காய்ச்சல் இறங்கலைன்னா உடனே ஆஸ்பத்திரியில டிரிப் போடச் சொல்லுங்க. மேடம், கேக்கறீங்களா?"

"கேக்கறேன்."

என் கணவர் ரிசீவரை வாங்கி வைத்தார். "உன் தப்பு இல்ல" என்றார். பிறகு, "நான் நாலு நாள் தாங்குமான்னு கேட்டிருக்கக் கூடாது. நீ தனியா இருப்பேன்னு யோசிச்சிருக்கணும்" என்றார். அவரைக் கூப்பிட்டு வெளியே யாரோ கத்தினார்கள். போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெண் என் மகளின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் எதையும் தின்ற அடையாளம் இல்லை. அன்றுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தி, தமிழ், கைச்சாடை எல்லாம் கலந்து சொன்னேன். மூளைக்குள் போக அமினோ அமிலங்களில் பலதுக்கு ஒரே வாசல்தான்; இவளுக்கு ஒன்று மட்டும் பெருங்கூட்டமாக வந்து வாசலை அடைத்துக்கொள்வதால் மற்றவை உள்ளே போக முடியாமல் நிற்கின்றன என்றேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ மீனும் விஷம் இல்ல, முட்டையும் விஷம் இல்ல. ஜாஸ்தி ஆனா மட்டும்தான் கஷ்டமா?"

"ஆமா."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, டீச்சர். தெரிஞ்சாலும் அவளுக்குக் கதவை மூடியிருக்க மாட்டேன். வேற ஏதாவது செஞ்சு குடுத்திருப்பேன்."

மறுநாள் காலையில் அவள் ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கு கொண்டு வந்தாள். பெரார்கஞ்ச்சில் அவள் அண்ணன் வீட்டுத் தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த செடிகள்; அண்ணன் ஜீப் பிடித்துக் கொண்டு வந்து கொடுத்திருந்தான். மரவள்ளியில் புரதம் மிகக் குறைவு. ஜவ்வரிசியே அதன் மாவுதான். அவள் கிழங்கைத் துருவி, பிழிந்து, தண்ணீரைத் தெளியவிட்டு அடியில் தங்கிய மாவை எடுத்தாள். நான் அதில் சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் போட்டுக் கிளறினேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டினோம். என் மகள் முதலில் துப்பினாள். பிறகு, அந்தப் பெண் ஊட்டினால் மட்டும் விழுங்கினாள். என் கையால் வாங்க மாட்டேன் என்றாள். அது எனக்கு வலித்தது. ஆனால் அவள் விழுங்கினாள்.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. புயல் தொடங்கி ஆறாம் நாள் விமானம் வந்தது. என் கணவர் நேராக விமான நிலையத்துக்குப் போய்ப் பெட்டியை வாங்கி வந்தார். அவள் விரலைக் குத்தி, அட்டையில் இரத்தப் பொட்டுகள் வைத்துச் சென்னைக்கு அனுப்பினோம். முடிவு வந்தபோது அளவு இருக்க வேண்டியதைவிட நிறையவே அதிகமாக இருந்தது. இன்னும் இரண்டு தடவை அனுப்பிய பிறகுதான் சொன்ன எல்லைக்குள் வந்தது.

அந்தப் புயலுக்குப் பிறகு பவுடர் டப்பாக்கள் எப்போதும் இரண்டு மாதத்துக்குக் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். கதவுத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டேன் என்று எழுத ஆசைதான். கழற்றவில்லை. அவளாகவே திறக்கிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கணக்கு வராது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். தெரியாமல் கழிந்த அந்த எட்டு மாதங்கள் அவளுக்குள் எங்கோ இருக்கின்றன. நன்றாகப் பாடுவாள், யாரோடும் சண்டை போடுவாள். போன வருடம் பள்ளியில் ஹேவ்லாக்குக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். நானும் வருகிறேன் என்று ஆசிரியைகளிடம் கேட்கப் போனேன். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ வராத மா. எல்லாப் பிள்ளைங்களும் அவங்க அம்மாவையா கூட்டிட்டு வர்றாங்க?"

பவுடரை ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டாள். சோற்றை அவளே எடை போட்டு டப்பாவில் அடைத்தாள். படகு கிளம்பும்வரை துறையில் நின்றேன். அவள் கை அசைக்கவில்லை; தோழிகளோடு பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அன்று பகல் முழுக்க எனக்கு எடை போட எதுவும் இல்லை. தராசைத் துடைத்து வைத்தேன். மறுபடி எடுத்துத் துடைத்தேன். பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கேயும் உட்கார முடியாமல் திரும்பினேன்.

சாயங்காலம் படகிலிருந்து கறுத்துப்போய் இறங்கினாள். ஆட்டோவில் ஏறியதும் நான் கேட்கும்முன்பே சொல்ல ஆரம்பித்தாள். "சோறு முழுசும். பவுடர் ரெண்டு வேளை. இளநீர் ஒண்ணு." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "மீன் பகோடா ஒரு துண்டு. சின்னது. பக்கத்துல உக்காந்திருந்தவ குடுத்தா, வேணாம்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு."

"எவ்வளவு சின்னது?"

கட்டைவிரல் நுனியைக் காட்டினாள்.

"நல்லா இருந்துச்சா?"

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு, "உப்பு ஜாஸ்தி" என்றாள்.