அடுப்படித் தூண்

பட்டாணிகள் துள்ளியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

தகரத் தட்டில் காய்ந்த பட்டாணியைப் பரப்பித் தரையில் வைக்கும் வழக்கம் கெசையாவுக்கு மூன்று மாதமாக இருந்தது. கீழே பிக்காசு விழும்போது மேலே பட்டாணி அசையும். தட்டை இடம் மாற்றி வைத்துப் பார்த்தால், சுரங்கத்துக்குள் அவள் கணவன் ஏமஸ் எங்கே வெட்டுகிறான் என்று தெரிந்துவிடும். ஜன்னலுக்கு நேர் கீழே என்றால் ஜன்னலோரத் தட்டு நடுங்கும். கட்டிலுக்குக் கீழே என்றால் கட்டிலடித் தட்டு. இன்று தட்டு அடுப்பருகே இருந்தது. பட்டாணிகள் விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடின.

“அம்மா, குதிக்குது பார்!” என்று தர்சா கைதட்டினாள். அவளுக்கு ஐந்து வயது.

“எழுந்திரு. வெளியே போய் வேலி ஓரமா உட்காரு. நான் கூப்பிடற வரைக்கும் உள்ளே வரக் கூடாது.”

“குளிருதும்மா.”

“என் சால்வையை எடுத்துக்கோ. போ.”

கெசையா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பும் புகைபோக்கியும் ஆற்றுக் கல்லால் கட்டியவை. அந்தக் கல்லை ஏமஸ் மாட்டு வண்டியில் பதினோரு நடை கொண்டுவந்தான். அத்தனை கனத்தையும் தாங்கிக்கொண்டு கீழே ஒரு சரளைத் தூண் நின்றது. நான்கடிக்கு நான்கடி, வெட்டாமல் விட்டது. அதைத் தொடுவதில்லை என்று ஏமஸ் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லியிருந்தான்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டில் சமவெளியைக் கடந்து கலிபோர்னியாவுக்கு வந்தபோது, பிளாட் ஆற்றங்கரையில் காய்ச்சலில் போன மகனைப் புதைத்துவிட்டு அதன்மேல் வண்டியை ஓட்டிப் போனார்கள். ஓநாய் தோண்டாமலிருக்க எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதற்குப் பிறகு நகராத ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர கெசையா எதையும் கேட்டதில்லை. ராட்டில் க்ரீக் ஓடைக்கு மேலே, மேட்டில் பைன் பலகை வீடு எழுந்தது. நான்கு வருடம் கழித்து, அந்த மேட்டுக்கு அடியில்தான் பழைய ஆறு தங்கச் சரளையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

சுரங்கக்காரர்கள் கூடிப் போட்ட சட்டம் சுருக்கமானது. மேல்மண் வீட்டுக்காரனுக்கு, அடிமண் தோண்டுகிறவனுக்கு. பத்து நாளில் ஒரு நாளாவது வேலை நடக்காத இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்து நிலத்துக்கார ஹேகட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் வந்து சொன்னான்: “வீட்டை நாங்க தொடவே மாட்டோம், மிஸஸ் பர்டி. கீழேதான் போவோம். நீங்க மேலே ரொட்டி சுடுங்க, நாங்க கீழே எங்க வேலையைப் பார்க்கறோம்.” அவன் போனதும் ஏமஸ் பிக்காசை எடுத்தான். “எவனோ தோண்டறதுக்கு நானே தோண்டறேன். எனக்காவது மேலே யார் தூங்கறாங்கன்னு தெரியும்.”

துணைக்குக் கெசையாவின் தம்பி ஜோரி வந்தான். இங்கிலாந்தின் கார்ன்வாலில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய குடும்பம் அது. ஏமஸோ ஒஹாயோவில் பார்லி விதைத்தவன்.

ஜோரி வேலைக்குப் போகும் வேளையில் கெசையா அவன் கண்ணில் படமாட்டாள். இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டியைச் சுட்டுத் துணியில் சுற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். வேலைக்குப் போகும் வழியில் பெண் எதிரே வந்தாலே கார்ன்வால்காரன் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். பெண் உள்ளே கால்வைத்த சுரங்கத்தில் அப்புறம் எவனும் இறங்கமாட்டான். ஏமஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கெசையா சிரித்ததில்லை. அவளுக்கு ஒன்பது வயதில், அம்மா சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவசரத்தில் சுரங்க வாய்க்குள் நாலடி வைத்துவிட்டாள். அன்று மத்தியானம் அப்பாவைப் பலகையில் தூக்கிவந்தார்கள். ஊரில் ஒருவரும் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவரும் அவளோடு பேசவுமில்லை.

அடுப்புக் கல்லின் இணைப்பிலிருந்து சுண்ணாம்பு ஒரு சிட்டிகை உதிர்ந்தது.

கெசையா மெழுகுவர்த்தியை ஏற்றினாள். வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் சுரங்க வாய். அங்கே வந்ததும் கால் நின்றுவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தாள். பிக்காசுச் சத்தத்தில் குரல் எடுபடவில்லை. தான் கால்வைத்தால்தான் விழும் என்று உடம்பு சொன்னது. வைக்காவிட்டாலும் விழும் என்று பட்டாணி சொல்லிவிட்டது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே குனிந்தாள்.

முட்டு மரங்களை எண்ணிக்கொண்டே போனாள். ஏழாவதுக்கு அப்பால் வெளிச்சம். ஜோரிதான் முதலில் திரும்பிப் பார்த்தான். கையிலிருந்த மண்வெட்டி நழுவியது.

“அக்கா! ஐயோ, நீ எதுக்கு... போ, வெளியே போ!”

“போறேன். அவரையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

“நம்ம அப்பா செத்தது மறந்துபோச்சா உனக்கு?”

“மறக்கலடா. அதனாலதான் வந்தேன்.”

ஜோரி சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவள் பாவாடைகூடப் படாமல் அவளைத் தாண்டி ஓடினான். விளக்கைக்கூட எடுக்கவில்லை.

தூணில் ஒரு பக்கம் முழங்கை ஆழத்துக்குக் குடைந்திருந்தது. ஏமஸ் முகத்தைத் துடைத்தான்.

“இருந்த ஒரு ஆளையும் விரட்டிட்ட. சந்தோஷமா?”

“வேதத்தைத் தொட்டுச் சொன்னியே ஏமஸ்.”

“எங்கேயும் இல்லாத அளவு தங்கம் இதுல இருக்கு கெசையா. பாரு, வெறுங்கண்ணுக்கே தெரியுது. ஒரு வாரம். எடுத்துட்டு முட்டு வச்சுடறேன்.”

“கல்லடுப்பு முட்டுல நிக்காது. அது தூணுலதான் நிக்கும்.”

“நீ எப்போ சுரங்கத்துல வேலை பார்த்த?”

குடைந்த பக்கத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஈரம் ரவிக்கையில் ஏறியது.

“எழுந்திரு.”

“வெட்டு. என்னைத் தாண்டி வெட்டு.”

ஏமஸ் பிக்காசை ஓங்கவில்லை, கீழே வைக்கவுமில்லை. அப்போது இருவருக்கும் நடுவே, மேலேயிருந்து சரளை மெல்லிய நூலாக இறங்க ஆரம்பித்தது. ஒரு கைப்பிடி இருக்கும். நின்றது. மறுபடி இறங்கியது. இருவரும் மூச்சுவிடாமல் அதையே பார்த்தார்கள். அது இரண்டாம் முறை நின்றதும் ஏமஸ் பிக்காசை மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தான். வெளியே வரும்வரை விடாமல் இழுத்துக்கொண்டு ஓடினான்.

அதற்குப் பிறகு ஏமஸுக்கு முதுகுவலி வந்தது. குனிந்தால் பிடிக்கிறது என்றான். பயம்தான் என்று தெரிந்தும் கெசையா எண்ணெய் தேய்த்துவிட்டாள். ஜோரி ஹேகட்டிடம் வேலைக்குச் சேர்ந்துகொண்டான்.

எட்டாம் நாள் ஹேகட் வேலியோரம் வந்து நின்றான். “வேலை நின்னு நாளை மறுநாளோட பத்து நாள், மிஸஸ் பர்டி. உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி?”

“வேலை நடக்கும்.”

“யாரு செய்வாங்க?”

“நான்.”

ஹேகட் சிரித்தான். பிறகு சிரிப்பு குறைந்தது. அவன் ஆட்கள் பன்னிரண்டு பேரும் கார்ன்வால்காரர்கள். பெண் வெட்டும் சுரங்கத்துச் சுவரை உடைத்துக்கொண்டு அவர்களில் ஒருவன்கூட இந்தப் பக்கம் வரமாட்டான். ஜோரி எல்லோருக்கும் சொல்லியிருப்பான்.

பத்தாம் நாள் காலை அவள் பிக்காசோடு சுரங்க வாயில் நின்றாள். தர்சா வேலியோரம் சால்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். ஏமஸ் வெளியே, வெயில் விழும் இடத்தில் நின்றான்.

“எத்தனை வாளி?”

“அஞ்சு போதும். தூணுக்கு எதிர்ப்பக்கம், கடைசில.”

“பயமா இருக்கா?”

“இல்லாம? நீ பேசிக்கிட்டே இரு ஏமஸ். நிறுத்தாம பேசு, எனக்குக் கேக்கணும்.”

“என்னத்தைப் பேச?”

“எதையாவது. பார்லியைப் பத்திப் பேசு.”

அவள் குனிந்து நுழைந்தாள். ஒஹாயோவில் எந்த மாதம் உழுவது, கருங்களிமண்ணில் விதை எத்தனை விரல் ஆழம் போகவேண்டும் என்று அவன் குரல் பின்னாலேயே வந்தது. மூன்றாவது முட்டு, நான்காவது. மூன்றாவது வாளியை நிரப்பும்போது குரல் நின்றுவிட்டது. கெசையா பிக்காசை அந்தரத்தில் பிடித்தபடி அப்படியே நின்றாள். தூணைத் திரும்பிப் பார்க்கக்கூடத் துணியவில்லை.

“ஏமஸ்!”

“தண்ணி குடிச்சேண்டி.”

“நிறுத்தாதேன்னு சொன்னேன் இல்ல?”

இப்படி ஒன்பது வருடம், பத்து நாளைக்கு ஒரு முறை. மழையென்றும் பிரசவமென்றும் தவறவில்லை. ஹேகட்டின் நிலத்தில் இரண்டு வீடுகள் தரையோடு இறங்கின. பர்டி வீடு நின்றது. முதல் நாள் இருந்த பயம் கடைசி நாளும் அப்படியேதான் இருந்தது என்று பிறகு கேட்டவர்களுக்குச் சொன்னாள். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும், கீழே யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல.