மாமா நின்ற கோடு

கோலாலம்பூரில் ஆண்கள் டென்னிஸ் போட்டி நடந்த அந்த வாரம், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஓய்வே இல்லை. ஆனாலும் ஒற்றையரில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டால் எங்கள் குடும்பத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. எங்கெங்கிருந்தோ பெரிய ஆட்டக்காரர்கள் வந்து வியர்வை சொட்டச் சொட்ட ஆடினார்கள். நாங்கள் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், கோட்டுக்கு நேராக முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்ற மாமாவைத்தான் பார்த்தோம்.

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருந்தார். பகலில் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. சாயங்காலமானால் ரயில்வே கிளப்பின் டென்னிஸ் திடலில் நடுவர். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்ப்பதற்கென்றே பரீட்சை எழுதித் தேறியவர். அந்தக் கண்டிப்பு வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். என் செருப்பு வாசற்படியைத் தாண்டிக் கிடந்தால் ‘அவுட்’ என்பார். அப்பா சாப்பிடக் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் அவுட்தான். அப்பா கை கழுவிக்கொண்டு உட்காருவார்.

நடுவர் சைகைகளை எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் பந்து வெளியே. இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்க்கத் தாழ்த்தினால் உள்ளே. இரண்டு கைகளாலும் கண்ணை மறைத்துக்கொண்டால், ‘நான் பார்க்கவில்லை’ என்று அர்த்தம். இந்த மூன்றாவது எனக்குப் பெரிய வேடிக்கை. பார்ப்பதற்கென்றே நிறுத்திவைத்த ஆள் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டேன்.

“அதுதான் பாப்பா ரொம்ப கஷ்டம். மத்த ரெண்டையும் யாரு வேணும்னாலும் காட்டலாம்,” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அன்று முழுக்கக் கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து நாற்காலியில் இடித்துக்கொண்டேன்.

எங்களுக்குள் இன்னொரு பந்தயமும் உண்டு. வளைவில் திரும்பி வரும் மினி பஸ்ஸின் எண்ணை யார் முதலில் படிக்கிறார்களோ, அவர்களுக்கு மற்றவர் ஐஸ் கச்சாங், அதுதான் சர்பத் ஊற்றிய துருவல் ஐஸ், வாங்கித் தர வேண்டும். முன்பெல்லாம் மாமாதான் ஜெயிப்பார். தோற்றுப்போன எனக்கும் சேர்த்து வாங்கித் தருவார். அந்த வருஷம் நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். பிறகு நான் மட்டுமே ஜெயித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கண்ணைப்போல இந்த ஊரில் யாருக்கும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் போய் அளந்துவிட்டேன்.

போட்டி தொடங்கியது. மாமா திரையில் தெரியும்போதெல்லாம் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார். இப்படிக் குனிந்தே நின்றால் இடுப்பு என்னத்துக்கு ஆகும் என்று கவலைப்படுவார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி எட்டிப் பார்த்து, யார் ஜெயிக்கிறார்கள் என்று மலாயில் கேட்டார். என் தம்பி என்று அம்மா பதில் சொன்னார். இறுதியாட்டத்துக்கும் மாமாவைப் போட்டிருந்தார்கள். கிள்ளானிலிருந்து பெரியம்மா, காஜாங்கிலிருந்து சித்தப்பா என்று எல்லாருக்கும் போன் பறந்தது. போட்டிக்கென்று மாமாவுக்குக் கொடுத்திருந்த நடுவர் சட்டைக்கு அம்மா அதற்குள் இரண்டு தரம் இஸ்திரி போட்டுவிட்டார்.

அரையிறுதியில்தான் அது நடந்தது. முக்கியமான கட்டத்தில் ஒரு பந்து மாமாவின் கோட்டருகே விழுந்தது. மாமா கையை நீட்டி அவுட் என்றார். உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தலைமை நடுவர், இல்லை, பந்து உள்ளே என்று மாற்றிச் சொல்லிவிட்டார். தொலைக்காட்சியில் அதையே மெதுவாகத் திருப்பிக் காட்டினார்கள். பந்து கோட்டின்மேல் அப்பட்டமாக உட்கார்ந்து எழுந்தது. அதை எல்லாரும் பார்த்தோம். பார்த்த பிறகும் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பந்து வெளியேதான். கோட்டில் பட்டமாதிரி இருக்கிறதே என்று மெல்ல இழுத்த அப்பாவுக்கு அன்று சாயங்காலத் தேநீர் கிடைக்கவில்லை.

மாமா வீட்டுக்கு வந்தபோது அம்மா நண்டுக் கறி ஆக்கி வைத்திருந்தார். மாமா தட்டில் கைவைக்கவில்லை.

“நாளைக்கு நான் போகலக்கா. வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிட்டேன்.”

வேண்டாமென்று அவர்கள் விரட்டியிருப்பார்கள் என்று அம்மா கொதித்தார். மாமா தலையை ஆட்டினார்.

“யாரும் ஒண்ணும் சொல்லல லா. அவரு சொன்னதுதான் சரி. பந்து உள்ள.”

“நீ சும்மா இரு. வெளியதான். உனக்குத் தெரியாது,” என்றார் அம்மா.

நான் அழுதேன். என் மாமாவை அந்த வெள்ளைக்காரர் அநியாயமாகத் தோற்கடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். வரவேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. குச்சியில் குத்திச் சுட்ட காஜாங் சாத்தே இறைச்சிப் பொட்டலத்தோடு படியேறிய சித்தப்பா, கதவைத் திறந்த மாமாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பெரியம்மா நேராகவே கேட்டார்: “நீ இங்க இருக்க, அங்க யாரு நிக்கிறா?” மாமா சிரித்துக்கொண்டே பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

எல்லாருக்கும் முன்னால், திரைக்கு ஒட்டினாற்போல மாமா தரையில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பந்து கோட்டருகே விழும்போதெல்லாம், “பாப்பா, உள்ளயா வெளியயா?” என்று கேட்டார். அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடி நான் சைகை காட்டினேன். ஒரு தரம்கூட அவர் என்னைத் திருத்தவில்லை. என்னை நடுவராக்கப் பழக்குகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. இறுதியாட்டத்தை அவர் இல்லாமல் நடத்துகிறார்களே என்ற கோபம்கூட மறந்துபோனது.

கடைசிப் பந்து விழுந்தது. அரங்கமே எழுந்து கத்தியது. எங்கள் வீட்டில் சாத்தேக் குச்சிகள் கைமாறிக்கொண்டிருந்தன. நான் மாமா பக்கம் திரும்பி, “இது நீங்க சொல்லுங்க மாமா. உள்ளயா வெளியயா?” என்றேன்.

மாமா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். அவர் கையை எடுக்கிற வழியாக இல்லை. நான்தான் இழுத்துப் பிரித்து, “நீங்க தோத்துட்டீங்க. ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுங்க,” என்றேன்.

அவருடைய பார்வை மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது மறுவருஷம், அவர் ரயில்வே வேலையை விட்ட பிறகுதான். இப்போது நினைத்தாலும் என் அந்தச் சிரிப்பு எனக்கே கேட்கிறது.

அன்று ஐஸ் கச்சாங் சாப்பிடக் கடைத்தெருவுக்குப் போனோம். சாலையைக் கடக்கும் இடத்தில் மாமா நின்று என் கையைப் பிடித்தார். இப்போது போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன். என் கையை அவ்வளவு இறுக்கமாக அவர் பிடித்ததே இல்லை. நான் சின்னப் பிள்ளையல்லவா, பஸ் மோதிவிடப் போகிறதென்று பயந்து என்னைப் பத்திரமாகக் கூட்டிப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.