நாலு தள்ளு தள்ளினால் சுவர்

காட்கோபரில் நான் வேலை பார்க்கிற மாலின் மூன்றாம் மாடியில் ஒரு ஐஸ் தளம் இருக்கிறது. தளம் என்று சொல்வதே கொஞ்சம் ஓவர். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால் அளவுதான் இருக்கும். ஸ்கேட் கட்டிக்கொண்டு நாலு தள்ளு தள்ளினால் சுவர் வந்துவிடும். ஐந்தாவது தள்ளு எப்படி இருக்கும் என்று அங்கே வேலை பார்க்கிற எங்கள் யாருக்குமே தெரியாது.

டிக்கெட் வாங்கி வருகிறவர்களின் இரண்டு கைகளையும் பிடித்து, நான் பின்பக்கமாகச் சறுக்கியபடி அவர்களை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் வேலை. காலேஜ் பெண்கள், புது ஜோடிகள், தொப்பை அங்கிள்கள், எல்லாரும் என் கையை உடும்புப்பிடியாகப் பிடிப்பார்கள். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கண் எல்லாம் அவரவர் காலில் இருக்கும். நாள் முழுக்க இத்தனை பேர் கையைப் பிடித்துவிட்டு, ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் லோக்கல் ரயில் ஏறித் தாராவிக்குத் திரும்புவது எப்படி இருக்கும் என்று கேட்டால், கேவலமாக இருக்கும். அவ்வளவுதான்.

சம்பளம் போக எனக்கு ஒரு சலுகை உண்டு. கடை திறப்பதற்கு முந்தின ஒரு மணி நேரம் ஐஸ் என்னுடையது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் குதிக்கக் கற்றேன். வாரத்தில் மூன்று நாள் காசு கட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கோச் வருவார். செம்பூர்க்காரர், தமிழர், பாதிப் பேச்சு இந்தியில் ஓடும். பிள்ளைகள் வருவதற்குள் எனக்கும் பத்து நிமிஷம் ஒதுக்குவார்.

"நீ குதி, பஸ், அது போதும். காத்துல ரெண்டு சுத்து சுத்திட்டு நின்னியா, மார்க்கு தன்னால வரும். மத்ததெல்லாம் யாரு பாக்கப்போறா?" என்பார்.

குதித்தேன். இடமே இல்லாததால் மூன்று எட்டில் எழும்பப் பழகினேன். இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கும் டபுள் ஜம்ப்பில் இரண்டு வகை கைக்கு வந்தது. இடுப்பு முழுக்க ஊதா ஊதாவாகக் கன்றிப்போனது.

உம்மா மௌத்தான பிறகு வீட்டில் நானும் வாப்பாவும்தான். வாப்பாவுக்குத் தாராவியில் மூன்று மெஷின் போட்ட பை தைக்கும் பட்டறை. ராத்திரிச் சாப்பாட்டில் எங்கள் பேச்சு தினமும் ஒன்றே.

"எத்தன குதிச்ச?"

"இருபது."

"உளுந்தியா?"

"ஆறு தடவ."

"சரி, சாப்புடு."

தேசியப் போட்டி வடக்கே ஒரு மலையூரில் நடந்தது. முதல் நாலு இடத்துக்குள் வந்தால் அந்தப் பெரிய ஐஸிலேயே இரண்டு மாதம் தங்கிப் பழகும் முகாமுக்குக் கூப்பிடுவார்கள். எனக்கு அது வேண்டும். பதக்கம் கூட வேண்டாம். யார் கையையும் பிடிக்காமல் இரண்டு மாதம் பெரிய ஐஸில் இருக்க வேண்டும். அந்த ஆசைக்காகத்தான் இத்தனை விழுந்ததும்.

வாப்பாவும் கூட வந்தார். இரண்டு ராத்திரி ரயில், அப்புறம் பஸ். அரங்கத்தில் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் தடித்தடி ஜாக்கெட்டில் நடுவர்கள் பக்கமாகக் கூட்டமாக உட்கார்ந்து இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாப்பா இரவல் ஸ்வெட்டரில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எதிர்க்கோடியில் ஆளே இல்லாத பெஞ்சில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

நான் ஐஸில் இறங்கினேன். அல்லாவே! அந்தப் பக்கத்துச் சுவர் எங்கேயோ இருந்தது. எனக்குத் தெரிந்த ஆட்டத்தை ஆடினேன். டபுள் இரண்டிலும் சுத்தமாக இறங்கினேன், ஒன்றில் கூட விழவில்லை. சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். பதினோரு பேரில் ஒன்பதாவது இடம்.

என்னைவிடக் குறைவாகக் குதித்தவர்கள் எல்லாம் எனக்கு மேலே இருந்தார்கள். வயிறு எரிந்தது. போட்டி முடிந்த பிறகு கை கழுவும் இடத்தில் நடுவர்களில் ஒருவர், சால்வை போர்த்திய அம்மா, என்னைப் பார்த்து நின்றார்.

"உங்க ஊர்ல ஐஸ் எவ்வளவு பெரிசும்மா?" என்று இந்தியில் கேட்டார். சொன்னேன்.

"அதான் பார்த்தேன். குதிச்சதெல்லாம் நல்லா இருந்தது. ஆனா நீ ஸ்கேட் பண்ணவே இல்லையே. ஒண்ணு குதிச்சிட்டு அடுத்ததுக்குக் காத்துக்கிட்டு நின்ன. எல்லாம் எங்க பக்கத்து மூலையிலேயே."

நின்றேனாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திரும்பும் ரயிலில் வாப்பா தன் போனில் எடுத்திருந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பாவி மனுஷி சொன்னது நிஜம். அத்தனை பெரிய ஐஸில் நான் எங்கள் மால் அளவுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே ஆடியிருந்தேன். நாலு தள்ளுக்கு மேல் எனக்குத் தள்ளவே தெரியவில்லை. மிச்ச ஐஸில் ஒரு கோடு கிடையாது.

"நல்லாத்தான் துள்ளுன. தூரத்துல நீதான்னு சட்டைய வச்சிக் கண்டுக்கிட்டேன்" என்றார் வாப்பா. ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அடுத்த வருஷம் ஒரே ஒரு காரியம் செய்தேன். பழைய சாமான் கடையில் சக்கர ஸ்கேட் ஒன்று வாங்கி, வேலை இல்லாத காலைகளில் மாலின் மேல்தளக் கார் பார்க்கிங்குக்குப் போனேன். கார் ஒன்றும் வந்திருக்காது. அங்கே பத்துத் தள்ளு தள்ளலாம். ஒரு காலில் சாய்ந்து, பாதத்தின் வெளிவிளிம்பில் ஒரு நீண்ட வளைவு, கால் மாற்றி உள்விளிம்பில் இன்னொரு வளைவு, தூணைச் சுற்றிப் பின்பக்கமாகத் திரும்பி வரும் ஒரு வட்டம். பின்பக்கமாகப் போவதில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. அந்த அங்கிள்களை இழுத்த புண்ணியம். வேகம்தான் பயமாக இருந்தது.

வேகம் வந்தபோது இன்னொரு வினை வந்தது. மெதுவாகப் போனால் இரண்டு டபுளும் வரும். வேகமாக வந்து எழும்பினால் ஒன்றுதான் நின்றது, மற்றது பத்துக்கு எட்டுத் தடவை என்னைத் தரையில் சாத்தியது. ஆட்டத்தில் ஒன்று போதும் என்று முடிவு செய்து, மற்றதைச் சிங்கிளாக்கினேன். கோச்சுக்கு வந்ததே கோபம்.

"பாகலா நீ, பைத்தியமா? டபுளக் குடுத்துட்டு வளைவு வாங்குறியா? வளைவுக்கு எவன் கைதட்டுவான்?"

எவனும் தட்டவில்லை என்பது உண்மை. குதிக்கும்போது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த ஸ்டாஃப் பிள்ளைகள், நான் வளைந்து வளைந்து போவதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் டீ குடிக்கப் போனார்கள். கோச்சின் பத்து நிமிஷம் ஐந்தாகி, அப்புறம் நின்றே போனது. வாப்பா கேட்பார், "எத்தன குதிச்ச?" "அஞ்சு." "அவ்வளவுதானா?" நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவேன். அந்த வருஷம் முழுக்க எனக்கென்று ஒருத்தரும் இல்லை. கார் பார்க்கிங்கில் சில காலைகளில் என்னை நானே சத்தமாகத் திட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன், ஒரு குரலாவது கேட்கட்டும் என்று.

மறுபடி அதே மலையூர், அதே அரங்கம். கோச் வரவில்லை. வாப்பா அதே இரவல் ஸ்வெட்டரில், அதே எதிர்க்கோடி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இறங்கியதும் தள்ளினேன். நாலு, ஐந்து, ஆறு, சுவர் வரவே இல்லை. பிளேடு ஐஸை அறுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. கோடியிலிருந்து கோடிவரை போய்ப் போய்த் திரும்பினேன். டபுளில் சரியாக இறங்கினேன். மற்றது வரவேண்டிய இடத்தில், செய்துவிடலாமா என்று ஒரு நப்பாசை எழுந்தது. அடக்கிக்கொண்டு சிங்கிளாகக் குதித்துவிட்டு அதே வேகத்தில் வளைந்து போனேன்.

ஐந்தாவது இடம்.

ஸ்கேட்டிங்குக்கான மார்க் எனக்கு மேலே இருந்த நாலு பேரில் இரண்டு பேரைவிட அதிகம். ஆனாலும் ஐந்தாவது ஐந்தாவதுதான், முகாம் நாலு பேருக்குத்தான். போட்டியைப் போனில் பார்த்துக்கொண்டிருந்த கோச்சிடமிருந்து உடனே செய்தி வந்துவிட்டது. "அந்த டபுள் இருந்திருந்தா நாலாவது." அவர் சொன்னது சரிதான். ஷூ கட்டும் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். நாளைக்கு ரயில், அப்புறம் மறுபடி மால், மறுபடி அந்த வேர்த்த கைகள்.

வாப்பா அரங்கத்தைச் சுற்றி நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்கப் போகிறார், சொல்லிவிடுவோம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. வலது கையின் மூன்று விரல்களை நீட்டிக் காட்டினார்.

"மூணு தடவ" என்றார்.

"இல்ல வாப்பா, அஞ்சு குதிச்சேன். டபுள் ஒண்ணு."

"குதிச்சதச் சொல்லல புள்ள. போன தடவ நீ அந்த மூலையவிட்டு வரவே இல்ல. இந்தத் தடவ மூணு மட்டம் எம் பக்கத்துல வந்துட்டுப் போன. ஒம் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சிச்சு."

விரல்களை அவர் இன்னும் மடக்கவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஷூவைக் கூடக் கழற்றாமல் அழுதேன்.