பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய டிரம்

1. ஆடிட்டுக்கு ஒரு சார்ட்

கெமிஸ்ட் வேலைக்கு வளைகுடா போகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். பெருமையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஓமானில் சோஹார் என்ற ஊரில் ஒரு பைப் ஃபேக்டரியில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

வெல்டிங் முடிந்த பைப்பை ஆசிட்டில் முக்கிச் சுத்தம் செய்வதற்குப் பிக்ளிங் என்று பெயர். சாதா இரும்புக்கு எச்.சி.எல், அதாவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு எச்.எஃப், ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட். அதோடு நைட்ரிக்கும் கலப்போம். அதை விட்டுவிடுங்கள், இந்த விஷயத்தில் அதற்குப் பங்கில்லை.

ஆடிட் வருகிறது என்று மானேஜர் ஒருநாள் லேபுக்குள் எட்டிப் பார்த்தார். “பாய், தீவார் பே குச் சார்ட் லகாவோ. ஜல்தி!” என்றார். சுவரில் ஏதாவது மாட்டினால் போதும் என்பது அவர் எண்ணம். நான் சும்மா இருந்திருக்கலாம். ஊர்க் கல்லூரியில் பத்து வருடம் பி-தொகுதித் தனிமங்களை நடத்தியவன் என்ற திமிர் என்னை விடவில்லை.

ஃப்ளோரின், குளோரின், புரோமின், அயோடின் என்று பதினேழாம் தொகுதியை வரைந்தேன். கீழே இறங்க இறங்க அணு பெரிதாகும், ஹைட்ரஜனை அது பிடித்திருக்கும் பிடி தளரும், ஆசிட்டின் வீரியம் ஏறும். பாடப்புத்தகம் சொல்வது அதைத்தான், அதில் பிழையில்லை. எங்களிடம் இருந்த இரண்டில் வீரியம் குறைந்த எச்.எஃப்புக்குப் பச்சை ஸ்டிக்கர், எச்.சி.எல்லுக்குச் சிவப்பு. சிவப்பு டிரம்மைத் தொட்டால் முழங்கை வரை கிளவுஸும் முகத்துக்குக் கவசமும் வேண்டும். பச்சைக்குச் சாதா கிளவுஸ் போதும். இந்த விதியையும் நானே எழுதினேன். எச்.எஃப் டிரம்மில் மண்டையோட்டுப் படம் அச்சடித்திருந்தது. வேறு இடம் இல்லாததால் என் ஸ்டிக்கரை அதன்மேல் பாதி மறைகிற மாதிரி ஒட்டினேன்.

அந்த ஆசிட்டோடு வந்த பாதுகாப்புத் தாள் என் மேஜை டிராயரிலேயே கிடந்தது. நடத்திய பாடத்தைத் திரும்ப எதற்குப் படிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

2. மேலே ஒன்றும் இல்லை

செல்வராசு அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். முப்பது வயது இருக்கும். பிக்ளிங் ஹெல்ப்பராக வந்து, டிக் வெல்டராக மாற வேண்டும் என்று ஒரு வருடமாகப் பாடுபட்டவன். டிக் வெல்டிங்கில் டார்ச்சை வலது கை விரல்களால் நடுக்கமில்லாமல் நகர்த்த வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் பென்சிலை வைத்துக்கொண்டு பைப்பைச் சுற்றிச் சுற்றி விரலைப் பழக்குவான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு டெஸ்ட்.

அதற்கு முந்தைய புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு லேபுக்கு வந்தான்.

“சார், கை உள்ளுக்குள்ள கடுகடுன்னு கடுக்குது. மேல பாத்தா ஒண்ணும் இல்ல.”

“ஆசிட் ஏதும் பட்டுச்சா?”

“காலைல பம்பு அடிக்கறப்ப கிளவுஸ் லேசா கிழிஞ்சு ஈரமாயிருச்சு சார். எரியவே இல்ல. கழுவிட்டு வேலையப் பாத்தேன்.”

“எந்த டிரம்மு?”

“பச்சை சார்.”

“பச்சையா? அப்ப ஒண்ணும் பண்ணாது. பம்பு அடிச்சு நரம்பு புடிச்சிருக்கும். தைலம் தேச்சுக்க.”

“சரி சார். ஞாயித்துக்கெழம டெஸ்ட்டு, அதான் பயந்துட்டேன்.”

விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பார்த்தேன். வெயிலில் ரப்பர் கிளவுஸ் போட்டால் அப்படித்தான் ஊறும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஃபோர்மேன் போன் செய்தார். செல்வராசு துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு தரையில் புரள்கிறான் என்றார். அப்போதுதான் டிராயரைத் திறந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது: வலி மணிக்கணக்கில் தாமதமாக வரலாம், தோல் சாதாரணமாகத் தெரியலாம், கால்சியம் ஜெல்லை உடனே தடவ வேண்டும்.

ஃப்ளோரின் ஹைட்ரஜனை இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் இந்த ஆசிட் தண்ணீரில் சரியாகப் பிரிவதில்லை. பிரியாததால்தான் தோலை மேலே சுடாமல் முழுசாக உள்ளே இறங்குகிறது. இறங்கிய பிறகு சதையிலும் எலும்பிலும் இருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. எதை வைத்து நான் பச்சை ஒட்டினேனோ அதுதான் அவன் விரலைத் தின்றுகொண்டிருந்தது. பத்து வருடம் நடத்தியும் இந்தப் பாதி எனக்குத் தெரியாது.

ஜெல்லைத் தேடி முதலுதவிப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தோம். இல்லை. வாங்க வேண்டிய பட்டியலில் இருந்தது, பச்சைக்கு என்ன அவசரம் என்று அடித்துவிட்டவனும் நான்தான். காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் “சார், அறுத்துப் போட்ருங்க சார், தாங்க முடியல” என்று கத்தினான். கால்சியம் ஊசி போட்டார்கள். நேரம் கடந்துவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பாதியோடு எடுத்தார்கள்.

3. கையெழுத்து

விபத்து ரிப்போர்ட்டை மானேஜரே எழுதிக் கொண்டுவந்தார். முறையான கிளவுஸ் அணியாதது தொழிலாளியின் கவனக்குறைவு என்று இருந்தது. “ஹெல்ப்பர் கா கல்தி ஹை. சைன் கரோ, கலாஸ்” என்றார். தப்பு அவனுடையது, கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றார். அவன் போட்டிருந்தது நான் எழுதிய விதிப்படியான கிளவுஸ். சொல்ல வாய் திறந்தேன். விசா, வேலை, மகளின் படிப்பு எல்லாம் நினைவுக்கு வந்தன. கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் அது குறையவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. தனிம அட்டவணையின் போக்கு குடுவைக்குள் இருக்கும் ஆசிட்டைப் பற்றிப் பேசுகிறது. மனிதத் தோலைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. ஒருவன் வலிக்கிறது என்று கையை நீட்டினால், டிரம்மின் நிறத்தைக் கேட்காதீர்கள்.

அவனை ஊருக்கு அனுப்புகிற அன்று கேம்ப் வாசலில் வேன் நின்றது. செல்வராசு கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தான்.

“நீங்க மட்டும் அன்னிக்கு காருல தூக்கிப் போட்டு ஓடலேன்னா முழுக் கையும் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு சார். எங்க வீட்லயும் ஒங்களத்தான் சொல்லிச் சொல்லிக் கும்புடுறாங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா” என்று சொல்லி, அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.