தோள்தான் தெரியல

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேதான் அக்கா கணினியைப் போடுவார். ஓரத்தில் கொசுவம் வைத்துத் தானே தைத்த உறையைக் கழற்றி, உதறி, நான்காக மடித்துத் தையல் மெஷின்மேல் வைத்த பிறகுதான் திரைப்பக்கம் திரும்புவார். மகள் வெளியூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுச் சென்ற பழைய கணினி அது.

கீழ்வீட்டுத் தையல்கார அக்காவுக்குப் பெரும்பாலும் ஆல்ட்டரேஷன் வேலைதான். பெருத்தவர்களுக்குத் தளர்த்துவார், இளைத்தவர்களுக்குப் பிடிப்பார். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவார். நான் மாடியிலிருந்து இறங்கும்போது, "தம்பி, இடுப்பு ஒரு இஞ்சு ஏறிடுச்சு" என்று ஊசிகளுக்கு நடுவிலிருந்து குரல் வரும். நானும் வயிற்றை எக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவேன்.

நேற்று மதியம் குரல் வேறு மாதிரி வந்தது. "தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க. கைதட்டறது கேக்குது, ஆளு தெரியல."

அலுவலக விழாவில் பரிசு வாங்கப்போகும் மகளுக்கு நீளக் கவுன் ஒன்று தைத்து அனுப்பியிருந்தார். போட்டுப் பார்த்துத் திருத்த வழியில்லை. ஊரைவிட்டுப் போய் இரண்டு வருடமான பெண்ணை மனதில் நிறுத்தியே வெட்டினார். விழா முடிந்ததும் மகள் வீடியோவை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, "பாத்தியாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அக்காவிடம் இருப்பது பட்டன் போன், கணினியிலோ படம் வரவில்லை. கௌரவம் விடவில்லை. "பாத்தேனே, அம்சமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் மறுபடி கூப்பிடுவா. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தோள் சரியா உக்காந்துச்சான்னு கேக்கறது?"

திரையில் ஒரே வீடியோ பல பெயர்களில் கிடந்தது: விழா, விழா சரி, விழா இதுதான், விழா கடைசி. பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வரும் மூன்று ஆங்கில எழுத்தை மாற்றினால் ஓடும் என்று துணி தைக்க வந்த யாரோ சொல்லிவிட்டுப் போனார்களாம். நகல் எடுத்து எடுத்து மாற்றியிருக்கிறார், ஒன்றும் ஓடவில்லை. லேபிளை மாற்றினால் துணி மாறிவிடுமா என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்றது.

"முதல்ல வந்தத நான் தொடவே இல்ல தம்பி. வெட்டிப் பாத்ததெல்லாம் ஒட்டுத்துணியிலதான்."

அந்த முதல் வீடியோவைத் திறந்தேன். கருப்புத் திரை. பெயரைக் கூப்பிடும் ஒரு குரல், கைதட்டல், குதிகால் செருப்பின் சத்தம். அக்கா விரலை உயர்த்தினார்.

"நடைய கேளுங்க. எங்கயாவது தடுக்குதா? இல்ல. அப்போ நீளம் சரி. தோளுதான் காதுல விழ மாட்டேங்குது."

சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. எந்த வீடியோவையும் ஓட்டிவிடும் இலவச பிளேயர் ஒன்றை இறக்க ஆரம்பித்தேன். இணையம் நத்தையாக ஊர்ந்தது. அதுவரை சும்மா இருக்க முடியாமல் அக்கா யாரோ கொடுத்த கோட் ஒன்றை மடியில் போட்டு அதன் ஒரு கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கண் திரையிலேயே இருந்ததால், பிரிக்க வேண்டாத கையையும் பிரித்துவிட்டார்.

சாயங்காலம்தான் படம் வந்தது. மேடை, விளக்கு, நீலக் கவுனில் மகள்.

"முகத்த பாருங்கக்கா, என்ன சந்தோஷம்!" என்றேன்.

அவர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார். "அங்கயே நிறுத்துங்க."

நிறுத்தினேன். மகள் பரிசுக்குக் கை நீட்டியபடி நின்றாள். இடது தோளில் துணி தளர்ந்து மடிந்திருந்தது.

"வெட்டுனது தப்பில்ல," என்றார் அக்கா. "இவ இளைச்சுட்டா."

போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. கட்டைவிரலைத் திரையில் வைத்து, அந்த மடிப்பைக் கழுத்திலிருந்து கைப்பக்கமாக மெல்ல நீவிவிட்டார்.